மாட்டுப் பண்ணைக்கு ஒரு நாள் ட்ரிப்: ‘ஃப்ரீ’ன்னு நினைச்ச அவுட்டிங்கோட உண்மையான பில்

சம்பளம் வந்த முதல் ஞாயிறு நம்மில் நிறைய பேர் எங்க இருப்போம்? மால்ல. நானும் அப்படித்தான். போன மாசம் வீட்ல நாலு பேரும் (நான், மனைவி, ஏழு வயசு பொண்ணு, அம்மா) போயிட்டு வந்த கணக்கை ஷீட்ல போட்டேன்:

• சினிமா டிக்கெட்: 900
• பாப்கார்ன், கூல்ட்ரிங்ஸ்: 1,150
• கேம் ஜோன்: 800
• சாப்பாடு: 1,560
• பார்க்கிங்: 120

மொத்தம் 4,530 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் பொண்ணு கேட்டது, “அப்பா, போர் அடிக்குது.” அம்மா கேட்டது, “அந்தப் படத்துல கதை என்னப்பா?”

அதனால இந்த மாசம் வேற மாதிரி பண்ணலாம்னு முடிவு பண்ணோம். என் டீம்ல இருக்கிற ஒரு தம்பியோட மாமா உத்திரமேரூர் பக்கம் கறவை மாடு வெச்சிருக்கார். ஆறு மாடு. “தாராளமா வரச் சொல்லு”ன்னு சொல்லிட்டாராம். உள்ளே போக டிக்கெட் கிடையாது. எனக்கு ஒரே குஷி. ஷீட்ல ‘என்ட்ரி: 0’ன்னு டைப் பண்ணேன். இந்தக் கட்டுரையே அந்தப் பூஜ்யத்தைப் பத்தித்தான்.

நான் போட்ட பட்ஜெட்

தாம்பரத்துல இருந்து போக வர, சுத்தி வளைச்சு 150 கிலோமீட்டர். நம்ம கார் லிட்டருக்கு 15 கொடுக்கும். பெட்ரோலுக்கு 1,000, டோலுக்கு 200, மதியச் சாப்பாட்டுக்கு 600, பண்ணை வீட்டுக்கு வாங்கிட்டுப் போக பழம் பிஸ்கட் 250. மொத்தம் 2,050. மாலோட ஒப்பிட்டா 2,480 மிச்சம். அதை அப்படியே எஸ்.ஐ.பி.ல போடலாம்னு மனசுக்குள்ள ஒரு வீடியோவே எடுத்து முடிச்சிட்டேன்!

அன்னைக்கு நடந்தது

காலைல உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். சோழர் காலத்துல குடவோலை முறையில தேர்தல் நடத்தினதைச் சொல்ற கல்வெட்டு இருக்கிற இடம். பொண்ணுக்கு அதைக் காட்டினோம். அப்புறம் சாப்பாடு, ஏரிக்கரைல போட்டோ. ரெண்டு மணிக்கு வர்றதா சொல்லியிருந்தோம். பண்ணைக்குப் போய்ச் சேரும்போது மணி மூணே முக்கால். சரியா சாயங்காலப் பால் கறக்கிற நேரம்.

அண்ணனும் அக்காவும் முகம் சுளிக்கல. அக்கா காபி போட உள்ளே போனாங்க. அண்ணன் தீவனம் வைக்கிறதை நிறுத்திட்டு எங்களைச் சுத்திக் காட்டினார். கோ-4 புல்லு, வைக்கோல் போர், ரெண்டு கன்னுக்குட்டி. பொண்ணு கன்னுக்குட்டியை விட்டு நகரவே இல்ல. நான் ரீல் எடுத்தேன். ரெண்டு டேக், மூணு டேக்.

கறக்க உட்காரும்போது மணி நாலரை தாண்டிடுச்சு. புது ஆளுங்க நாலு பேர், போன் வெளிச்சம், பொண்ணோட கத்தல். மாடு மிரண்டு பாலை அடக்கிக்கிச்சு. மாட்டுக்கு பயம் வந்தா பால் இறங்காதுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். கன்னை ஊட்ட விட்டு, தடவிக் கொடுத்து, மறுபடியும் கறந்து முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

சொசைட்டில பால் டெஸ்ட் பண்றதைப் பொண்ணுக்குக் காட்டணும்னு அவர் வண்டிக்குப் பின்னாடியே கார்ல போனோம். போய்ச் சேர்ந்தப்ப சொசைட்டி பூட்டியிருந்தது. பால் வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் ஆச்சாம்.

கேன்ல 14 லிட்டர் பால். டீக்கடைக்காரர் ஏழு லிட்டரை 28 ரூபாய்க்கு எடுத்துக்கிட்டார். “இப்ப இந்தப் பால் என்ன ஆகும்?”னு பொண்ணு கேட்டா. அண்ணன் சிரிச்சுக்கிட்டே, “தயிர் ஆகும் பாப்பா”ன்னார்.

ஊர்ல பாதி வீட்ல மாடு இருக்கு. அந்தத் தயிரை யார் வாங்குவாங்கன்னு நான் கேட்கல. கேட்கத் தைரியம் வரல.

அவரோட ஒரு நாள் கணக்கு

சொசைட்டிக்குப் போறதுக்கு முன்னாடி, கறந்துக்கிட்டு இருக்கும்போதே, பேச்சு வாக்குல வரவு செலவு கேட்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே கொடுக்கிறேன்.

ஆறு மாட்டுல நாலு கறவைல இருக்கு. ரெண்டு பால் வத்தின சினை மாடு. ஒரு நாளைக்கு 32 லிட்டர். கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் எவ்வளவு இருக்கோ அதைப் பொறுத்துத்தான் விலை. எல்லாம் சேர்த்து அவருக்கு சராசரியா லிட்டருக்கு 36 ரூபாய் நிக்குது. ஆக வரவு 1,152.

செலவு? கலப்புத் தீவனம் 24 கிலோ, கிலோ 28 ரூபாய்னு 672. வைக்கோல், தாது உப்பு, ஊசி மருந்து, கரண்ட் எல்லாம் சேர்த்து நாளுக்கு 180. கைல மிச்சம் 300 ரூபாய். விடியக்காலை நாலு மணில இருந்து ராத்திரி வரைக்கும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் உழைப்புக்கு. லீவு இல்ல.

இன்னொண்ணும் கவனிங்க. ஒரு பசு சுமார் பத்து மாசம் கறக்கும். அடுத்த கன்னு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் பாலை நிறுத்திடணும். அந்த ரெண்டு மாசமும் வருமானம் இல்ல, ஆனா தீவனம் உண்டு. ‘எமர்ஜென்சி ஃபண்ட் வைங்க’ன்னு நான் எத்தனை வீடியோல கத்தியிருக்கேன்? இவர் மாட்டுக்கு மாடு முறை வெச்சு அதைச் சமாளிக்கிறார். எல்லா மாடும் ஒரே நேரத்துல வத்தாம, சினைப் பருவத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கிறார். கையிருப்புன்னு பெருசா எதுவும் கிடையாது.

இப்ப அன்னைக்குச் சாயங்காலத்துக்கு வாங்க. 14 லிட்டர் சொசைட்டில ஊத்தியிருந்தா 504. டீக்கடைல கிடைச்சது 196. நஷ்டம் 308. அதாவது நான் ரீல் எடுத்த நேரத்துக்கு அவரோட ஒரு முழு நாள் மிச்சம் போயிடுச்சு. என் ஷீட்ல மட்டும் ‘என்ட்ரி: 0’.

ஒண்ணு நமக்கு ஃப்ரீன்னா, அந்தச் செலவை வேற யாரோ கட்டுறாங்கன்னு அர்த்தம். நிறைய நேரம் நம்மளைவிடக் குறைவா சம்பாதிக்கிறவங்க.

கிளம்பும்போது பணம் கொடுத்தேன். “வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு வாங்கறதா?”ன்னு கையைத் தட்டி விட்டுட்டார். என் மனைவிதான் புத்திசாலி. அக்காகிட்ட அரை கிலோ நெய் விலைக்குக் கேட்டாங்க. 450 சொன்னாங்க, பேரம் பேசாம கொடுத்தாங்க. திங்கட்கிழமை நான் டீம் தம்பிகிட்ட சொல்லி, அவங்க ஊர் தீவனக் கடைல மாமா கணக்குல 1,000 ரூபாய் வரவு வைக்கச் சொன்னேன். சாயங்காலம் போன் வந்தது. “எதுக்கு தம்பி இதெல்லாம்?” கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “அடுத்த தடவை மத்தியானமே வந்துடுங்க. பாப்பா கன்னுகூட விளையாடட்டும்”ன்னார்.

நீங்க போறதா இருந்தா

1. போற நேரத்தை மாடு முடிவு பண்ணட்டும். கறவை காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவுல இருக்கிற நேரம்தான் அவங்க கொஞ்சம் மூச்சு விடற நேரம். மதியம் ஒன்றரைக்குப் போங்க, சுத்திப் பாருங்க. கறக்கும்போது தள்ளி நின்னு அமைதியாப் பாருங்க. சொசைட்டி எத்தனை மணிக்கு மூடும்னு முன்னாடியே கேளுங்க.

2. பணத்தை போன்லயே பேசிடுங்க. நேர்ல கொடுத்தா சங்கடம். “அண்ணே, உங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கோம். வேண்டாம்னா தீவனமா வாங்கிட்டு வரோம், எந்தத் தீவனம் போடுவீங்க?” இப்படிக் கேட்டா மறுக்க மாட்டாங்க. நீங்களா ஏதோ ஒரு தீவனம் வாங்கிட்டுப் போகாதீங்க. திடீர்னு தீவனம் மாத்தினா மாட்டுக்கு வயிறு கெடும்.

3. ஒரு நாளைக்கு ஒரு பண்ணை போதும். கோமாரி மாதிரி நோய் நம்ம செருப்பு, துணி வழியாவும் பரவும். கழுவின செருப்போட போங்க. அதே நாள் வேற மாட்டுக் கொட்டகைக்குப் போயிட்டு வந்திருக்காதீங்க.

4. பச்சைப் பால் குடிக்க வேண்டாம். குழந்தைங்க, கர்ப்பிணிங்க, வயசானவங்களுக்குக் காய்ச்சின பால்தான். கன்னைத் தொட்டா சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் பிஸ்கட்.

5. கன்னுக்குட்டிகிட்ட போகலாம், தாய் மாட்டுக்கும் கன்னுக்கும் நடுவுல போகாதீங்க. மாட்டுக்குப் பின்னாடியும் நிக்க வேண்டாம்.

6. நெய், முட்டை, காய் எது இருந்தாலும் அவங்க சொல்ற விலைக்கு வாங்குங்க. மால்ல பாப்கார்னுக்கு நாம பேரம் பேசறதில்லையே.

திருத்தின பில்

பழைய 2,050, நெய் 450, அவங்க நேரத்துக்கு 1,000. மொத்தம் 3,500. இப்பவும் மாலைவிட 1,030 கம்மி. எஸ்.ஐ.பி.ல அந்த ஆயிரத்தைத்தான் போட்டேன், 2,480 இல்ல.

உங்க பட்ஜெட் ஷீட்டைத் திறந்து, இந்த மாசம் ‘0’ன்னு இருக்கிற வரிகளை மட்டும் ஒரு தடவை பாருங்க. நண்பரோட கார், சித்தப்பா வீட்டு ஸ்டே, ஊர்ல யாரோ செஞ்சு கொடுத்த சாப்பாடு. ஒவ்வொரு பூஜ்யத்துக்குப் பக்கத்துலயும் ஒரு பேர் இருக்கும். அந்தப் பேருக்கு ஒரு தொகை ஒதுக்குங்க.

எங்க அடுத்த ட்ரிப் பொங்கல் முடிஞ்சு. பொண்ணு இப்பவே கேட்கறா, “அந்தக் கன்னுக்குட்டி வளர்ந்திருக்குமா அப்பா?” மாலைப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசல.