ஆயா வீட்டு ஒரு ரூபாய்!

பாஸ், உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் நோட்டு ஏதாச்சும் கிடக்கா? கிடந்தா, தயவுசெஞ்சு அப்படியே விட்டுடுங்க. அடியேன் விடலை. அதான் இந்தப் புலம்பல்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க ஆயா வீடு. ஒரு காலத்துல தறி ஓடின வீடு. லீவுல பரண் சுத்தம் பண்ணும்போது, தாத்தாவோட அப்பா எழுதின பட்டுநூல் கணக்குப் புத்தகத்துக்குள்ள ஒரு ரூபாய் நோட்டு! மூலையில ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளிக்காசுப் படம். வருஷம் 1917. "பத்திரமா வைடா கண்ணு"ன்னாங்க ஆயா. தேர்டு இயர் இன்ஜினீயரிங் மூளை என்ன யோசிக்கும்? நேரா ஜெராக்ஸ் கடை. பத்தே நிமிஷத்துல பளபளன்னு லேமினேஷன்!

நோட்டு சேர்க்கிற சீனியர் ஒருத்தர்கிட்ட பெருமையா நீட்டினேன். தலையில கை வெச்சுட்டார். சூட்டுல பசை காகிதத்தோட ஒட்டிக்கிச்சாம். இனி பிரிச்சா நோட்டும் சேர்ந்து பிரிஞ்சிடும். அவரை மாதிரி ஆளுங்க இதைத் தொடவே மாட்டாங்களாம்.

அப்புறம்தான் அது என்ன நோட்டுன்னே தேடிப் படிச்சேன் (முன்னாடியே படிச்சிருக்கலாம்). முதல் உலகப் போர்ல வெள்ளிக்குத் தட்டுப்பாடு. காசு அடிக்க முடியாம, 1917 நவம்பர் 30-ம் தேதி அரசாங்கம் காகிதத்துல விட்ட ரூபாய் இது. பின்பக்கம் எட்டு இந்திய மொழிகள். 25 நோட்டை செக் புக் மாதிரி சேர்த்து, கிழிச்சுக் கொடுத்திருக்காங்க. அதனால இடது ஓரம் பிசிறா இருந்தா கத்தரிக்கோல் எடுக்காதீங்க! 1918-ல இரண்டு ரூபாய் எட்டணாவுக்குக்கூட நோட்டு வந்திருக்கு. ஒரு ரூபாய் நோட்டை செலவு கட்டுப்படியாகலைன்னு 1926-ல நிறுத்தி, அடுத்த போர் வந்ததும் 1940-ல திரும்பக் கொண்டுவந்தாங்க.

இதைவிட சுவாரஸ்யம் அதுக்கு முந்தின நோட்டுங்க. 1861 சட்டப்படி சென்னை, பம்பாய், கல்கத்தான்னு வட்டம் வட்டமா பிரிச்சு, ஒரு வட்டத்து நோட்டு அங்கே மட்டும்தான் சட்டப்படி செல்லும். 1911-க்குள்ள 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுங்க எல்லா இடத்துலயும் செல்லுபடியாச்சு. தபால்ல திருட்டு பயம் வேற. வியாபாரிங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? நோட்டை ரெண்டா வெட்டி ஒரு பாதியை முதல்ல அனுப்புவாங்க. 'வந்து சேர்ந்துச்சு'ன்னு தகவல் வந்தப்புறம் மறுபாதி! இன்னிக்கும் நடுவுல ஒட்டுப்போட்ட நோட்டுங்க சேகரிப்புல கிடைக்குது. அமெரிக்காவுல காலனி காலத்து நோட்டுல கள்ள அச்சைத் தடுக்க, நிஜ இலையோட நரம்பையே பெஞ்சமின் பிராங்க்ளின் அச்சுல இறக்கினாராம். நம்மாளுங்களுக்கு கத்தரிக்கோலே போதுமா இருந்திருக்கு!

ஸோ, பழைய நோட்டு கிடைச்சா கழுவாதீங்க, இஸ்திரி போடாதீங்க, செலோ டேப் பக்கமே போகாதீங்க. பிவிசி இல்லாத உறையில, வெயில் படாத இடத்துல மடிக்காம வெச்சா போதும்.

ஆயாகிட்ட இன்னும் விஷயத்தைச் சொல்லலை. "புதுசு மாதிரி ஆக்கிட்டியேடா"ன்னு சாமி படத்துக்குப் பக்கத்துல சாத்தி வெச்சு, வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டிட்டு இருக்காங்க.