ஹெட் கிளார்க் இல்லாத கவுண்ட்டர்

ஆபீஸில் லீவ் ஃபாரம் பூர்த்தி செய்கிறீர்கள். பெயர், தேதி, காரணம் (பாட்டி மூன்றாம் முறையாகக் காலமானார்). கடைசியில் நீங்களே ஒரு கட்டம் வரைந்து 'சம்பளம்: இரண்டு மடங்கு' என்று எழுதி நீட்டினால்? ஹெட் கிளார்க் சிரிப்பார். கம்ப்யூட்டர் சிரிக்காது. பதிந்து வைத்துக்கொள்ளும்!

வெப்சைட் கட்டுகிறவர்களுக்கு 'ஃப்ரேம்வொர்க்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. கதவு, ஜன்னல் ரெடிமேடாக வரும். பொருத்திக்கொள்வது நம் பாடு. டென்மார்க்காரர் டேவிட் ஹைன்மயர் ஹான்சன் 2004-ல் வெளியிட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்' அதில் பிரபலம்.

ஃபாரம் வந்ததும் அங்கே ஒரே கேள்விதான். புது ஆளா? 'கிரியேட்'. பழைய ஆள் திருத்தம் கேட்கிறாரா? 'அப்டேட்'. முன்னதற்குப் புது ஏடு. பின்னதற்குப் பழைய ஏட்டைத் தேடி எடுத்துத் திருத்த வேண்டும். தப்பிருந்தால், எழுதினதை அழிக்காமல் அதே ஃபாரத்தைத் திருப்பித் தரணும். சரியென்றால் சேமித்துவிட்டு, ஆளை வேறு பக்கத்துக்கு அனுப்பிடணும். இல்லையென்றால் அவர் 'ரிஃப்ரெஷ்' அமுக்க, ஒரே ஆர்டர் இரண்டு தரம் பதிவாகலாம்.

இதுவரை சமர்த்து. வினை எங்கே என்றால், வந்த கட்டங்களை எல்லாம் ஒரே வரியில் அப்படியே ஏட்டில் கொட்டும் வசதியில்! திரையில் நீங்கள் காட்டியது மூன்று கட்டம்தான். ஆனால் விஷமக்காரன் உங்கள் திரை வழியாகத்தான் வரணும் என்று சட்டமா என்ன? நாலாவதை அவனே ஒட்டி அனுப்புவான்.

2012 மார்ச்சில் அதுதான் நடந்தது. எகோர் ஹொமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் இந்த ஆபத்தை ரெயில்ஸ்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. ரெயில்ஸிலேயே கட்டின 'கிட்ஹப்' தளத்துக்குப் போனார். பயனாளர் தன் ரகசியச் சாவிக்கு ஜோடியைப் பதிந்து திருத்தும் அப்டேட் ஃபாரம் அங்கே உண்டு. அதில் கூடுதலாக ஒன்றைச் செருகி, ரெயில்ஸ் குழுவின் சாவிக்கொத்தில் தன் சாவியையும் கோத்துவிட்டார். பிறகு ரெயில்ஸின் சொந்தக் கிடங்கிலேயே நுழைந்து ஒரு ஃபைலை வைத்துவிட்டு வந்தார்!

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. 2013-ல் வந்த ரெயில்ஸ் 4, 'இன்னின்ன கட்டங்களுக்கு மட்டும் அனுமதி' என்று புரோகிராமரைப் பட்டியல் போட வைத்தது. மற்றதெல்லாம் வாசலோடு சரி.

ஆகவே, புரோகிராம் எழுதும் தம்பிகளே, கிரியேட்டோ அப்டேட்டோ, உள்ளே ஒரு ஹெட் கிளார்க்கை உட்கார வையுங்கள். பாட்டி விஷயத்தில் வேண்டுமானால் அவர் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளட்டும்!