ஆட்களை மறைக்கும் கேமரா

லென்ஸே இல்லாத கேமராவில் படம் எடுக்க முடியுமா? தாராளமாக முடியும். ஒளி புகாத ஒரு தகர டப்பா, அதன் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை, உள்ளே ஒரு ஃபோட்டோ தாள், அவ்வளவுதான். இதன் பெயர் ஊசித்துளை கேமரா. பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்க இது மிகவும் ஏற்றது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் முன்னால் இதை வைத்தால், துளை வழியே கசியும் வெளிச்சம் தாளில் பதிய, நல்ல வெயிலிலும் ஓரிரு நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் குறுக்கே நடந்துபோகும் சுற்றுலாப் பயணிகள் எந்த இடத்திலும் நிலைத்து நிற்பதில்லை. அதனால் அவர்கள் படத்தில் விழுவதே இல்லை. அசையாத பவளக்கல் சுவர் மட்டும், கூரையிழந்த கோலத்தில், முழுமையாகப் பதிகிறது. கூட்டம் அலைமோதும் பகலிலும் ஆளில்லாத படம் கிடைப்பது இப்படித்தான்.