உங்களுக்குத் தெரியுமா? பிபி மாத்திரையும் மருந்துக்கடையும்

பெங்களூரு சிவாஜிநகரிலோ அல்சூரிலோ "பிபி மாத்ரே கொடி" என்று கன்னடத்தில் கேட்டாலும் சரி, தமிழில் கேட்டாலும் சரி, அரை நிமிடத்தில் ஸ்ட்ரிப் கைக்கு வந்துவிடும். மருந்தாளுநரின் வேலை அதோடு முடிவதில்லை. மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு வரலாம் என்று விளக்குவதும் அவர் பொறுப்பு என்கின்றன 2015-இல் வந்த மருந்தகப் பணி விதிமுறைகள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

★

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தந்ததில் நம் நாடு முன்னோடி. இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிமாலயா நிறுவனம் சர்ப்பகந்தா வேரிலிருந்து 'செர்பினா' மாத்திரையைக் கொண்டுவந்தது 1934-இல்.

★

மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் பிபியை ஏற்றலாம். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும் அப்படியே. தண்ணீரில் போட்டதும் நுரைக்கும் மாத்திரைகள் பலவற்றில் சோடியம் அதிகம்; அதுவும் பிபியை ஏற்றலாம். தொண்டைக்கு நல்லது என்று நாள்கணக்கில் மெல்லும் அதிமதுரம்கூட அழுத்தத்தைக் கூட்டும். மூட்டு டாக்டர் எழுதியது இதய டாக்டருக்குத் தெரியாமல் போகலாம். நாமாக வாங்குவது இருவருக்குமே தெரியாது. வழக்கமாக ஒரே கடையில் வாங்கினால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் அந்த மருந்தாளுநர்தான்.

★

பிபிக்கு ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். இன்னொரு பிபி மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். காரணம் தெரியாமல் இருமலுக்கு சிரப் குடிப்பவர்கள் உண்டு. பிபி மாத்திரையையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது ஆபத்தானது. கவுன்ட்டரில் ஒரு வார்த்தை சொன்னால், "டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சரியான வழி கிடைக்கும்.

★

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் 52 முடிதிருத்தும் கடைகளுக்கு வரும் கறுப்பின ஆண்கள் 319 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் கடைக்கே வந்து, மருத்துவர்களுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களின் பிபியில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. டாக்டரைப் பார்க்கும்படி முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்ன பிரிவில் இறங்கியது 9 புள்ளிதான். நம் ஊரில் மருந்தாளுநர் தாமாக மருந்து எழுத முடியாது. ஆனால் அக்கறையாகத் தொடர்ந்து கவனிக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

★

மருந்துக்கடையில் பிபி பார்க்கிறீர்களா? வேகமாக நடந்து வந்த கையோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பேச வேண்டாம். ஃபில்டர் காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அளவையும் தேதியையும் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

★

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் உங்கள் மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.