கியர்பாக்ஸ் ஆயிலும் மாதத் தவணையும்

குடகு மாவட்டக் கிளையொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், தவணையில் ஒருநாள்கூடத் தவறாத காப்பித் தோட்டக்காரர் ஒருவர் அவகாசம் கேட்டு வந்தார். அவருடைய ஆட்டோமேட்டிக் டீசல் பிக்அப், கியர்பாக்ஸ் கழற்றப்பட்டுப் பணிமனையில் நின்றிருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. ஓடும் வாடகை வண்டிக்கும் பணம், நிற்கும் சொந்த வண்டிக்கும் தவணை.

“காப்பீடு இருக்கிறதே, சார்” என்றார். பாலிசியைப் பிரித்துக் காட்டினேன். இயந்திரப் பழுதும் தேய்மானமும் வழக்கமான வாகனக் காப்பீட்டில் அடங்குவதில்லை. இந்த வரியைப் பலரும் பழுதுக்குப் பிறகே படிக்கிறார்கள்.

எஞ்சின் ஆயிலை அவர் ஒழுங்காக மாற்றி வந்தவர். கியர்பாக்ஸ் ஆயிலைத் தொட்டதேயில்லை. சில கையேடுகளில், சாதாரணப் பயன்பாட்டில் அதை மாற்றத் தேவையில்லை என்றிருக்கும். அதையடுத்துக் கடினப் பயன்பாட்டுக்கெனத் தனி இடைவெளி குறித்திருப்பார்கள். முழுப் பாரம், மலைப்பாதை, டிரெய்லர் இழுவை எல்லாம் கடினப் பயன்பாடுதான். நண்பர் முதல் வரியோடு நிறுத்திவிட்டார்.

கிளட்ச் பெடல் உள்ள வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது உராய்வுத் தகடு. ஆட்டோமேட்டிக்கில் அவ்வேலையை டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் ஆயில் செய்கிறது. எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலை வீச, அந்த வேகத்தில் எதிர் விசிறி சுழல்கிறது. சீரான ஓட்டத்தில் லாக்அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். பாரத்தோடு ஊர்ந்து மலையேறுகையில் பூட்டு விழாது. ஆயில் நழுவி நழுவிச் சூடேறும். அதே ஆயில்தான் உள்ளிருக்கும் கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிக்கிறது, பற்சக்கரங்களுக்கு மசகாகிறது, வெப்பத்தையும் வெளியே கொண்டு செல்கிறது. காசாளர், கணக்கர், மேலாளர் மூவரின் வேலையையும் ஒருவரே பார்க்கும் சிறு கிளை போல. ஆயில் கெட்டால் கிளட்ச் நழுவும். நழுவினால் சூடு கூடும். சூடு ஆயிலை மேலும் கெடுக்கும். வணிகவியல் படித்தவனுக்கு இது கூட்டுவட்டியாகவே தெரிகிறது.

2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் மேனுவலில் 420 நியூட்டன் மீட்டரும் ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டரும் இழுவிசை தருகிறது. இவ்வளவு விசையும் அந்தச் சில லிட்டர் ஆயில் வழியாகவே சக்கரங்களுக்குச் செல்கிறது.

பணிமனையில் ஆயில் பேனைக் கழற்றிக் காட்டினார்கள். அதன் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு படிவது இயல்பே. இங்கோ விரலில் குத்தும் உலோகத் துணுக்குகள் இருந்தன. ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வீசியது.

ஆயிலை வடிக்கும்போது முழுவதும் வெளியேறாது. கன்வெர்ட்டரிலும் கூலரிலும் ஒரு பங்கு தங்கிவிடும். அதனால் கெடு தாண்டும் முன்பே மாற்றுவது நல்லது. கையேடு சொல்லும் ரக ஆயிலையே ஊற்ற வேண்டும். கடையில் கிடைத்தது போதாது. அளவுக்கோல் இல்லாத கியர்பாக்ஸ்களில், குறிப்பிட்ட வெப்பநிலையில் நிரம்பி வழியும் துளையின் வழியே அளவு பார்ப்பார்கள். இது வீட்டு வாசலில் செய்யும் வேலையன்று.

ஓட்டுநர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிக்கக் கூடாது. பிரேக் எதற்கு இருக்கிறது? நீண்ட ஏற்ற இறக்கங்களில் கீழ் கியரைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். சரிவில் நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக், பிறகே பார்க். பழுதானால் சக்கரங்கள் உருளக் கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது. லாரியில் ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள்.

நண்பர் விளைச்சல் பணம் வந்ததும் இரண்டு தவணைகளையும் தாமதக் கட்டணத்துடன் செலுத்தினார். இப்போதெல்லாம் பழைய ஆட்டோமேட்டிக் பிக்அப்புக்குக் கடன் கேட்டு வருவோரிடம், ஆர்.சி. புத்தகத்தோடு கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ரசீதையும் கேட்கிறேன். எங்கள் ஆவணப் பட்டியலில் அது இல்லை.