கால்மிதியில் விளைந்த கோதுமை

தேங்காய் நார்க் கால்மிதி ஒன்றை எடுத்து, கூரான கத்தியால் நீளநீளமாக நறுக்கி மேசைமேல் அடுக்குங்கள். நம் வீட்டில் என்றால் ‘நல்ல மிதியடியைப் பாழாக்கிட்டியே’ என்று திட்டு விழும். இங்கிலாந்தில் ஒரு சாராரிடம் காட்டினால் யோசிக்காமல் சொல்வார்கள்: இது நார்மண்டியின் கோதுமை வயல், 1944 கோடை, அறுவடைக்கு ஆளில்லாமல் நிற்கிறது. 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய் பொம்மையை அந்த நாருக்குள் செருகினால் பாதி உடம்பு மறைந்துவிடும். ஆலப்புழையிலும் பொள்ளாச்சியிலும் திரிக்கிற நார் கடல் கடந்து போய் இப்படியொரு வேலையும் பார்க்கிறது என்று திரிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்தச் சாராருக்கு வார்கேமர் என்று பெயர். வர்ணம் பூசிய சின்னஞ்சிறு படைகளை மேசைமேல் நிறுத்திப் போர் நடத்துகிறவர்கள். சதுரங்கம்போல இதில் கட்டம் கிடையாது. அங்குல நாடாவால் அளந்து சிப்பாயை நகர்த்துகிறார்கள். பகடை உருட்டிச் சுடுகிறார்கள். யார் கண்ணுக்கு யார் தெரிகிறார் என்பதை மேசை மட்டத்துக்குக் குனிந்து, பொம்மையின் தலைக்குப் பின்னாலிருந்து பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆக, நடுவில் ஒரு குன்றோ, இடிந்த சுவரோ, தோப்போ இருக்கிறதா என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. வெறும் மேசையில் ஆடினால் தொலைதூரப் பீரங்கி யாரிடம் அதிகமோ அவர் ஜெயித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்.

அப்படியிருந்தும் பணத்தையெல்லாம் படைக்கே கொட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் வழக்கம். நாட்டிங்ஹாமில் தலைமையகம் வைத்து ‘வார்ஹாமர்’ சிப்பாய்களை விற்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப், 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முன்னணி நிறுவனங்களைக் கொண்ட எஃப்.டி.எஸ்.இ. 100 பட்டியலில் இடம்பிடித்தது என்றால் அந்தக் கொட்டலின் அளவைப் புரிந்துகொள்ளலாம். படை வாங்கி, வர்ணம் பூசி, பெட்டியில் அடுக்கி முடித்த பிறகுதான் ‘இவர்களை எங்கே நிறுத்துவது’ என்ற கேள்வி வரும். கையில் காசிருக்காது. மலிவாக நிலம் செய்யும் கலை வளர்ந்தது அந்த வெறுங்கையிலிருந்துதான்.

ஆனால் கழற்றி மாற்றி அடுக்கும் நிலம் பிறந்தது ஏழை வீட்டில் அல்ல. ப்ரெஸ்லாவ் நகரத்து அதிகாரியான கேயோர்க் லேயோபோல்ட் ஃபொன் ரைஸ்விட்ஸ், பிரஷ்ய இளவரசர்களுக்கு மணல் பரப்பிய மேசை ஒன்றில் தன் போர் விளையாட்டைக் காட்டினார். விஷயம் மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் காதுக்குப் போய், அவரும் பார்க்க ஆசைப்பட்டார். அரசர் முன்னால் போய் மணலைக் கொட்டுவதா? மனிதருக்குக் கூச்சம் வந்துவிட்டது. அவகாசம் எடுத்துக்கொண்டு, 1812-ல் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு மரச்சாமான்: சுமார் ஆறடி அகல மேசை, அதற்கு இழுப்பறைகள், அவற்றில் சுண்ணச் சாந்தில் வார்த்து வர்ணமிட்ட சதுரச் சில்லுகள். ஒன்றில் சாலை, ஒன்றில் ஆறு, ஒன்றில் கிராமம். இன்றைக்கு ஒரு போர்க்களம், நாளைக்கு அதே சில்லுகளில் வேறொரு போர்க்களம். படைகள் பீங்கானில். அந்த மேசை அழியாமல் பெர்லினில் இருக்கிறது.

மகன் ரைஸ்விட்ஸ் 1824-ல் இதே ஆட்டத்தைச் சில்லுகளிலிருந்து எடுத்து 1:8000 அளவுகோல் வரைபடத்துக்கு மாற்றினார். அப்பாவின் மேசையை எந்தப் படைப்பிரிவும் வாங்கியிருக்காது. மகனின் வரைபடத்தையும் கட்டைகளையும் ஒரு பெட்டிக்குள் அடக்கிவிடலாம். தலைமைத் தளபதி அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டு ராணுவத்துக்குப் பரிந்துரைத்தது. விலை இறங்கிய பிறகுதான் ஆட்டம் பரவியது. அதற்காக மலையும் ஆறும் காகிதத்துக்குள் தட்டையாகிப் போயின.

அவற்றை மறுபடி தரையில் எழுப்பியவர்களில் ஒருவர் எச்.ஜி. வெல்ஸ். காலயந்திரக் கதை எழுதிய அதே வெல்ஸ். 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தில் தன் வீட்டுப் போர்களுக்கு விதிமுறை எழுதினார். சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களை நிஜமாகவே சுட்டு வீழ்த்தும் ஆட்டம் அது. நிலம்? மரக் கட்டைகள், பலகைகள், கலைக்களஞ்சியத்தின் தடித்தடியான தொகுதிகள். இன்றும் இங்கிலாந்தில் ஒரு புதியவர் ‘குறைந்த செலவில் எப்படித் தொடங்குவது’ என்று கேட்டால், நாலு புத்தகத்தை மேசையில் வைத்து மேலே பச்சைத் துணியைப் போர்த்து, குன்று தயார் என்பார்கள். என்னைக் கேட்டாலும் முதல் மாதம் அதைத்தான் சொல்வேன். துணி மடிப்பில் சிப்பாய் சரிந்து விழ ஆரம்பித்ததும் இரண்டாவது மாதம் தானாக வரும்.

இரண்டாவது மாதத்தில் பலகைக்கு வருகிறோம். வழக்கமான பெரிய ஆட்டத்துக்கு ஆறடி நீளம், நாலடி அகலம் வேண்டும். இரண்டடிச் சதுரப் பலகை ஆறு இருந்தால் அது நிரம்பிவிடும். 2009-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் இதே கணக்கில் ஆறு பிளாஸ்டிக் பலகைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குன்றுச் சரிவில் மண்டையோட்டுக் குவியல்களையும் வார்த்திருந்தார்கள். எந்த நாட்டுப் போரை ஆடினாலும் அந்த மண்டையோடுகள் வந்து பல்லிளித்தன. வாங்கிய சிலர் பட்டி பூசி மூடினார்கள். வீட்டில் செய்துகொள்வதன் முதல் லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்: யாருடைய ரசனைக்கும் பட்டி பூச வேண்டியதில்லை.

ஆறு பலகையும் ஆறு விதம் என்று வையுங்கள். ஆறு இடங்களில் மாற்றி மாற்றி வைக்க 720 வழி. ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் திருப்பலாம், அது 4,096. பெருக்கினால் 29,49,120. மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் தெரிவதும் அதே களம்தான் என்பதால் பாதியைக் கழித்துவிடுங்கள். 14,74,560 களங்கள் மிச்சம். நாளுக்கொரு போர் என்றாலும் நாலாயிரம் வருஷத்துக்குத் தாங்கும்.

இவ்வளவும் ஓரங்கள் ஒத்துப்போனால்தான். இந்தக் கைவேலையின் சூட்சுமம் முழுக்க அந்த ஓரத்தில் இருக்கிறது. புதிதாகச் செய்கிறவர் பலகையின் நடுவில் அழகழகாகப் பாறை செதுக்குவார். ஓரத்தைப் பற்றி நினைக்கவே மாட்டார். சாலை ஒன்று இடது மூலையிலிருந்து இருபது சென்டிமீட்டர் தள்ளி வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பலகையிலும் அப்படியே இடமிருந்து இருபது அளந்து சாலை போட்டால் இரண்டும் சேருமா? சேராது. இரண்டு ஓரங்கள் முட்டும்போது எதிரெதிரே நின்று கைகுலுக்கும் ஆட்களைப்போல இவரது இடம் அவரது வலமாகிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் சேர வேண்டும் என்றால் சாலை ஓரத்தின் நட்ட நடுவில்தான் வெளியேற வேண்டும். ஆறும் அப்படியே. அகலமும் ஆழமும் எல்லாப் பலகையிலும் ஒன்றே. குன்று ஓரத்தைத் தொடாமல் உள்ளேயே இறங்கி முடிந்துவிடுவது நல்லது.

அதிலும் ஒரு சிக்கல் பாக்கி. சாலை உள்ள ஓரமும் வெறும் புல் ஓரமும் சந்தித்தால் சாலை திடீரென்று புல்லில் முட்டி நிற்கும். அத்தகைய அடுக்குகளைக் கழித்தால் நம் பதினாலு லட்சம் வெகுவாக இறங்கிவிடும். விவரம் தெரிந்தவர்கள் பலகைகளில் பெரும்பாலானவற்றை வெறும் புல்வெளியாகவே விட்டுவிட்டு, சாலையைத் தனிப் பட்டைகளாகச் செய்து மேலே வைக்கிறார்கள். தோப்பு, வேலி, வீடு எல்லாமே தனித்தனி. வெறும் புல்வெளி செய்வது போல அலுப்பான வேலை வேறில்லை. ஆனால் களத்தை மாற்றி மாற்றிக் காட்டுவது அந்த அலுப்பான பலகைகள்தான்.

பொருளுக்கு வருவோம். மேலைநாட்டு வார்கேமரின் அமுதசுரபி, கட்டடங்களில் வெப்பம் தடுக்கப் பதிக்கும் எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை. நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறுவனத்துக்கொரு நிறம். நம் தெர்மாகோலுக்குப் பங்காளி; இரண்டும் பாலிஸ்டைரீன்தான். தெர்மாகோலில் மணி மணியாகத் தெரியும், அறுத்தால் வீடெங்கும் வெள்ளை மணி பறக்கும். எக்ஸ்.பி.எஸ்-ல் மணி கிடையாது. வெண்ணெய்க் கட்டிபோல ஒரே சீர். அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் செங்கல் சுவர். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி உருட்டினால் கருங்கல். இதில் கலைத் திறமை எதுவும் தேவையில்லை, சத்தியமாக. கறுப்பு வர்ணத்தில் பசை கலந்து ஒரு பூச்சு, காய்ந்ததும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் சாம்பல் நிறத்தைத் தொட்டு மேடுகளில் மட்டும் தேய்த்தால் நூற்றாண்டுப் பழைய சுவர் வந்து நிற்கும்.

புல்லுக்கு, பசை தடவிய பலகையில் சாயம் தோய்த்த மரத்தூள். கொலுப் பூங்காவுக்குப் பச்சை மரத்தூள் தூவி, முகம்பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கியவர்களுக்கு இது பழகிய வேலை. தச்சுப் பட்டறையில் கேட்டால் சும்மா தருவார்கள். குளியல் பஞ்சைப் பிய்த்துச் சாயமேற்றினால் மர இலை. காபி கலக்கும் மரக் குச்சிகள் வீட்டுத் தரைப் பலகை. குடித்து மிஞ்சிய தேயிலையை உதிர்ந்த சருகாகத் தூவலாம், எலும்புபோல உலர்த்திய பிறகு. உலர்த்தாமல் தூவியவர்களின் காட்டில் நிஜமாகவே பூஞ்சை முளைத்த கதைகள் உண்டு.

கெடுகிற இடங்கள் இரண்டு. மெல்லிய மரப்பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஈரப் பசை பூசினால், காய்ந்ததும் அது அப்பளம்போல வளையும். இரண்டு பக்கமும் பூச வேண்டும். அடுத்தது ஸ்ப்ரே பெயின்ட். அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டும், ஓரத்தில் லேசாக அடித்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று மொட்டைமாடியில் அடித்துப் பார்த்தவன் நான். வீட்டுச் சுவர் போல இருந்தது ஒரு நிமிடத்தில் புற்று போல ஆனது. ‘குண்டு விழுந்த வீடு’ என்று சொல்லி அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். சூடான கம்பியால் நுரையை அறுக்கிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

நுரையே கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டி. டிஎம் ஸ்காட்டி என்ற பெயரில் யூடியூபில் அறியப்பட்ட அமெரிக்கர், நிலவறைகளை வெறும் நெளி அட்டையில் செய்து காட்டினார். சுவரை முழு உயரத்துக்கு எழுப்பாமல் விரல் தடிமனுக்கு ஓரப் பட்டையாக ஒட்டிவிடுவதுதான் அவரது யோசனை. சுவர் இருக்கிறது என்று கண் ஏற்றுக்கொள்கிறது, பொம்மையும் மறைவதில்லை, பத்துத் துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும்.

அடங்குவது சாதாரண விஷயமல்ல. மலிவு என்று பேசும்போது பொருளின் விலையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், வைக்கிற இடத்தின் விலையைச் சொல்வதில்லை. இரண்டடிப் பலகை ஆறையும் சென்னை அடுக்குமாடி வீட்டில் எங்கே நிறுத்துவது? கட்டிலுக்கடியில் ஏற்கெனவே சூட்கேஸ் இருக்கிறது. ஓரடிப் பலகைகளாகச் செய்தால் புத்தக அலமாரியில் நிற்கும். ஆனால் ஆறுக்குப் பதில் இருபத்து நாலு, இணைப்புக் கோடுகளும் எக்கச்சக்கம். ஆட்டத்தையே சுருக்கிக்கொள்வது ஒரு வழி. 2015-ல் வந்த ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ போன்ற ஆட்டங்களுக்கு ஆளுக்குப் பத்துப் பேர் படையும் மூன்றடிச் சதுரக் களமும் போதும். ஓரடிப் பலகை ஒன்பதே ஒன்பது. இன்னொரு வழி, சிப்பாயைச் சுருக்குவது. 28 மில்லிமீட்டருக்குப் பதில் 6 மில்லிமீட்டர் ஆட்களை எடுத்தால் அதே ஊருக்கு வேண்டிய பரப்பு இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கண்ணாடி மாட்டிக்கொண்டு வர்ணம் பூச வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஒன்பதில் நின்றேன். ஆறு வெறும் புல், ஒன்று குன்று, இரண்டில் ஆறு. அட்டையில் ஓர் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, அதன் நடுக்கோட்டை ஓரத்தின் நடுக்கோட்டில் பொருத்தி ஆற்றின் கரைகளைக் குறிக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது. முதல் ஆற்றுப் பலகையில் மூலையிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் அளந்தேன். நான் அறுத்த பலகை முப்பதுக்குப் பதில் முப்பதரைக்கும் சற்று மேலே இருந்தது. ஆகவே ஒரு பக்கம் திருப்பினால் ஆறு ஒழுங்காக ஓடும். மறுபக்கம் திருப்பினால் இணைப்பில் அரை சென்டிமீட்டர் இடறும். பட்டி பூசி இதைச் சரிசெய்தால் ஒழுங்காக ஓடும் பக்கம் கெடும். அதனால் பஞ்சில் ஒரு புதர் செய்து அந்த இடறலின் மேல் வைத்துவிட்டேன். மாடி வீட்டு நண்பர் ஆட வரும்போதெல்லாம் பலகைகளை வேண்டுமென்றே மாற்றி அடுக்குகிறார். எப்படி அடுக்கினாலும் புதர் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய வில்லாளிகள் முதல் சுற்றிலேயே ஓடிப்போய் அதன் பின்னால்தான் பதுங்குகிறார்கள்.