காதல் கதையைக் காமன் கூத்திடம் கற்கலாம், தெரியுமா?

காதல் கதையில் வாசகரை எப்படிக் கட்டிப்போடுவது? எழுதுகிறவர்களைத் தூங்கவிடாத இந்தக் கேள்விக்கு இலங்கை மலையகத் தோட்டங்களில் விடிய விடிய ஆடியே விடை சொல்லிவிட்டார்கள், தெரியுமா?

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்ப் பக்கம் கரையேறி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். எல்கடுவ போன்ற மலைகளுக்கு அதற்குப் பிறகுதான் ஏற்றம். வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம். அப்படி வந்தவர்கள் கூடவே ஒரு காதல் கதையையும் கொண்டுவந்தார்கள் என்றால் நம்புவீர்களா? அதுதான் காமன் கூத்து!

மாசி வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். தப்பு முழங்கும். காமனின் மனைவி ரதியின் வேடத்தையும் விரதமிருந்த ஆண்தான் கட்டுவார். இனிதான் அதிசயம்: மற்றக் கதைகள் கல்யாணத்தோடு முடியும், இந்தக் கதைக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும்! சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான் மதன், அதாவது காமன். போகாதே என்று மறிக்கிறாள் ரதி. இருவருக்கும் நீண்ட தர்க்கம். வில்லன் எவனும் அவர்களுக்கு நடுவில் இல்லை. அவன் கடமையும் நியாயம், அவள் அச்சமும் நியாயம். நல்ல காதல் கதைக்கு இதைவிடப் பெரிய முடிச்சு கிடையாது என்பேன். சிவன் அவனை எரிக்கிறார், அவள் புலம்புகிறாள், கூட்டமே கலங்குகிறது. பிறகு மதனுக்கு உயிர் கிடைக்கிறது. ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்! இப்படியொரு திருப்பத்தை எந்த நாவலாசிரியர் யோசித்தார்?

தமிழ்நாட்டு லாவணிக்காரர்கள், மதன் நிஜமாகவே எரிந்தானா என்று ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ எனப் பிரிந்து பாட்டிலேயே வாதாடுவார்கள், தெரியுமா?

இந்தக் காதல் கூத்து மலையேறியதில் வியப்பென்ன? மலையும் காதலும் தமிழில் பிரியாதவை. மலைநிலமான குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் வகுத்த பொழுதே யாமமும் குளிர்காலமும்தான். எல்கடுவவின் பனி இரவை நினைத்துக்கொள்ளுங்கள்! கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காத்த பெண்கள் அருவியில் ஆடி, 99 வகைப் பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். மதயானை பாய்ந்து வர, அம்பு விட்டுக் காக்கிறான் ஒருவன். காதல் பிறக்கிறது. இதைக் காதலர்கள் சொல்வதில்லை. தோழிதான் செவிலித்தாயிடம் பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள். 261 அடிகளில் அத்தனை பூவுக்கும் பெயர் உண்டு. காதலர் இருவருக்கும் கடைசிவரை பெயரே கிடையாது!